வாயாடிப் பெண்ணும் அந்துவான் முசியேவும்

முந்தாநாள் காலை பாத்திரக் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அந்துவான் முசியேவின் தம்பி வந்து நின்றார். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பிரெஞ்சு வழக்கில் 'முசியே' என்றால் ஐயா. முசியே கல்லூரியில் தத்துவம் நடத்தியவர், அதிலும் அறவியல். எழுபதுகளின் தொடக்கத்தில் முத்தியால்பேட்டையில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்.

"எது சரி, எது தப்புன்னு சொல்றதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தர்றாங்க. வாங்குறது சரியா தப்பான்னு யோசிச்சிக்கிட்டேதான் வாங்குறேன்" என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் வாதம். பலன் நல்லதென்றால் காரியமும் நல்லது என்பது என் கட்சி. "உங்க கட்சியில பெரிய பெரிய தத்துவக்காரங்கள்லாம் இருக்காங்க, கடைக்காரரே. அவங்களும் தப்புதான்" என்பார்.

என் மகள் செல்வி எதிர்த்துப் பேசுகிறாள் என்று இரண்டு சம்பந்தம் கலைந்திருந்தது. மூன்றாவது உப்பளம் பகுதியிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் விடுவார்களா? முசியேவிடம் ஓடினேன்.

"பொண்ணு அடக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"யாரு, செல்வியா?" சிரித்துவிட்டார்.

"அப்ப நோணாங்குப்பத்துல உங்க அக்கா வீட்டுக்காவது போயிட்டு வாங்க."

"ஒளிஞ்சிக்கிறதும் பொய்தான், கடைக்காரரே."

மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நான் மதிலோரம் நின்று கேட்டேன்.

"தங்கமான பொண்ணு" என்றார் முசியே. "ஆனா எதுக்கும் காரணம் கேப்பா. காரணம் சரியில்லன்னா மாமனார்னும் பாக்க மாட்டா."

வந்தவர் எழுந்து போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாரம் முசியே முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு உப்பளத்திலிருந்து சம்மதம் வந்தது. "குறையை மறைக்காத ஆளு தங்கம்னு சொன்னா, தங்கமாத்தான் இருக்கும்" என்றாராம் சம்பந்தி. ஜாங்கிரி டப்பாவோடு ஓடினேன்.

"பாத்தீங்களா, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு!"

டப்பாவைத் தள்ளி வைத்தார். "நல்லதாப் போனதால சரின்னு சொல்லாதீங்க. கலைஞ்சிருந்தாலும் அதுதான் சரி."

"கலைஞ்சிருந்தா உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்!"

"தெரியும். ஒரு வாரமா சோறு எறங்கல" என்றவர், டப்பாவை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் சிநேகிதம் அவருக்கு என்ன பெறும் என்று அன்றுதான் தெரிந்தது. அதையே பணயம் வைத்திருக்கிறார் மனிதர்.

நேற்று கல்லறையில் ஒருவர், "குறையே இல்லாத மனிதர்" என்று பேசினார்.

"இல்லீங்க" என்று குறுக்கிட்டாள் செல்வி. "முசியே மாமாவுக்கு ரொம்பப் பிடிவாதம்."

முதலில் அவளுடைய மாமனார்தான் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்தச் சிரிப்பினூடே நான் ஒரு பிடி மண் போட்டேன்.

நல்லபடியாகப் போங்கள், முசியே. வாதத்தில் நான் இன்னும் தோற்கவில்லை.