துணி ரிலாக்ஸ் ஆகும் வரை

‘ரிலாக்ஸ்’ என்ற சொல் எங்கெங்கே என்ன பொருளில் வருகிறது என்று மனத்துக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அம்மாவின் தோள்வலிக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் சொன்னால், இறுகிய தசையைத் தளரவிட வேண்டும். அரசு வேலைக்குப் படிக்கும் என் தோழிக்கு அது வயது வரம்பில் கிடைக்கும் சலுகை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்த எனக்கோ அது துணி செய்ய வேண்டிய வேலை. பனியன் துணி மெஷின்களில் இழுபட்டு நீண்டுதான் வரும். ரோலைப் பிரித்து, பாரமில்லாமல் ஒரு நாள் போட்டுவைத்தால் தன் அளவுக்குத் திரும்பும். அதன் பிறகே வெட்ட வேண்டும்.

அருள்புரத்தில் நான் தரம் பார்க்கும் கம்பெனியின் முதலாளி ‘ரிலாக்ஸ்’ என்று சொன்னால் ‘கண்டுக்காதே’ என்று அர்த்தம். போன ஆர்டரில் அப்படித்தான் அவசரமாக வெட்டினார்கள். துவைத்ததும் டி-ஷர்ட்டுகள் குட்டையாகி, மொத்தமும் திரும்பி வந்தது. இன்னொரு முறை நடந்தால், ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு பையரை மறந்துவிட வேண்டியதுதான். இந்த முறை எப்போது வெட்டலாம் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது.

ரோல்கள் காலையில் வந்தன.

“மத்தியானமே வெட்டிரலாம் கண்ணு. ரிலாக்ஸா இரு,” என்றார் முதலாளி.

“நான் இருந்து என்னங்கண்ணா பண்றது? துணி இருக்கோணுமுங்க. நாளைக்குக் காலைல வெட்டலாமுங்க.”

கட்டிங் மாஸ்டர் பாய் சிரித்தார். “அம்மிணி, இந்தக் கம்பெனில துணிக்கு மட்டுந்தான் லீவு.”

முதலாளி முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார். மேசைகள் போதவில்லை. தரையிலும் பிளாஸ்டிக் தாள் விரித்துத் துணியைத் தளர்வாகப் போட்டோம்.

நான் சாப்பிட்டுத் திரும்பியபோது மாஸ்டர் உதட்டில் விரல் வைத்துத் தரையைக் காட்டினார். துணியைப் பார்க்க வந்த முதலாளி அதன்மேல் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“எப்ப இருந்துங்க பாய்?”

“நீங்க போனதுல இருந்துங்க. மொதலாளிய யாருங்க எழுப்பறது?”

அவருடைய எடையில் அந்த அடுக்கு நசுங்கி இழுபட்டிருந்தது. நானே எழுப்பினேன்.

“சும்மா கண்ணசந்துட்டன்,” என்று சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“பரவால்லீங்கண்ணா. ஆனா இந்தத் துணிய உதறி மறுபடி போடோணுமுங்க. இனி நாளைக்கு மத்தியானந்தான் வெட்ட முடியுமுங்க.”

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணியில் தம் முதுகு பதிந்திருந்ததைப் பார்த்ததும், “சரி, போடுங்க,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, அளவு குறித்து, துவைத்து, உலர்த்தும் மெஷினில் போட்டேன். பிறகு டேப்பை வைத்துப் பார்த்தேன். சுருக்கம் பையர் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. முதலாளி படுத்த துணியைக் கடைசியாக அளந்தேன். அதுவும் உள்ளேதான். சந்தேகம் ஏதும் இல்லாமலே மறுபடியும் அளந்தேன். அந்த எண்ணை இன்னொரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது.

“வெட்டலாமுங்க.”

“அப்ப இந்த பையர் போகமாட்டான்?”

“துணியால போகமாட்டாருங்க.”

முதலாளி நெற்றியைத் துடைத்தார். “அடுத்த லோடு வந்தா எப்ப வெட்டறதுன்னு நீயே பாய்கிட்டச் சொல்லிரு கண்ணு. எங்கிட்டக் கேக்க வேண்டாம்.”

“பக்கத்துல ஒரு கட்டிலும் போட்டரலாமுங்கண்ணா,” என்றார் மாஸ்டர். முதலாளி சிரித்தபடி அவரை அடிக்கக் கை ஓங்கினார்.

வெட்டும் மெஷின் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் பசி தெரிந்தது. டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றை நிதானமாகச் சாப்பிட்டேன்.