கூரையைத் தொடாத சுவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் போய் அத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தகரக் கூரை வரைக்கும் வெறும் இடம். கட்டிய வெள்ளைக்காரத் தொரைக்குக் கல் தீர்ந்துபோனதோ மனசு தீர்ந்துபோனதோ, யாருக்குத் தெரியும். அந்த வழியாகப் பக்கத்து வீட்டுப் புகை வரும், பூனை வரும், பேச்சும் வரும்.

அதனால் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு மேல் வந்த பேச்சை வாசலில் எடுக்கக் கூடாது. ராத்திரி புருசனும் பெண்டாட்டியும் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருப்பார்கள். காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்னைக்கு என்னா கறி?" என்றுதான் கேட்க வேண்டும். பேச்சு எல்லை மீறுகிறது என்றால் இந்தப் பக்கம் இருந்து ஒரு இருமல். நாங்கள் இருக்கிறோம், கேட்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே அந்தரங்கம் என்றால் மழைக்குக் காத்திருப்பார்கள். தகரத்தில் மழை விழுந்தால் கடவுளுக்கே காது கேட்காது.

ஒரே ஒரு தடவை நான் அந்த வழக்கத்தை மீறியிருக்கிறேன். முன்பு பக்கத்தில் இருந்த பெண் முழுகாமல் இருப்பது சுவர் வழியாகக் காதில் விழுந்தது. சந்தோசத்தில் பீலியில் வைத்து வாழ்த்திவிட்டேன். அவள் இன்னும் மாமியாரிடமே சொல்லியிருக்கவில்லை. மாமியார் எனக்குப் பின்னால்தான் குடத்தோடு நின்றார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போகும் வரைக்கும், இரண்டு வருடம், அந்த வீட்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டது போதும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். என் வாய்க்கு அது லேசான வேலை இல்லை.

அவர்கள் விட்டுப்போன காம்பராவுக்குத்தான் பதின்மூன்று வருடத்துக்கு முன் யசோதினி கல்யாணம் முடித்து வந்தாள். ஊர் பூனாகலைப் பக்கம். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. சொன்ன கிலோ எடுக்காவிட்டால் எங்கள் தோட்டத்தில் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். அவளுக்கு அரைப்பேர் விழுந்து நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் அவள் மகள் டிலுக்சிக்குக் காய்ச்சல் வந்த நாள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. அம்மாமார் மலைக்குப் போனால் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிலுக்சி நடை பழகியது என் விரலைப் பிடித்துத்தான்.

யசோதினிக்கு ஒரு பழக்கம். வீட்டில் தனியாக இருந்தால் சட்டியோடு பேசுவாள். "நீ ஏன் இப்பிடி அடிப் புடிக்கிற?" என்று ஆரம்பித்து, மனதில் இருப்பதை எல்லாம் அந்தச் சட்டியிடம் கொட்டுவாள். கேட்டுக்கொண்டிருந்தது சட்டியும் நானும்தான்.

அவள் புருசன் சதீஸ்குமார் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பதினாலு வருடமாக வேலை. தீபாவளிக்கு நான்கு நாள், பொங்கலுக்கு மூன்று நாள், கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள். கல்யாணம் முடித்த பிறகு அவன் வீட்டில் இருந்த நாளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் தேறாது. போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: "எல்லாரும் கொழும்புக்கே வந்துருங்க. வத்தளையில ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன்."

அன்றிலிருந்து மூன்று மாதம் அந்த வீட்டில் ஒரே கொழும்புப் பேச்சு. போகலாமா, வேண்டாமா. ஒரு நாள் போனில் அவனோடு, ஒரு நாள் மகளோடு, மற்ற நாளெல்லாம் சட்டியோடு. அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் லொறிக்குக் கை காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அடைமழைக்கு மேட்டு மண் சரியுமோ என்று பார்த்துப் பார்த்துப் படுக்க வேண்டியதில்லை. அட்டைக் கடி கிடையாது. ஆனால் அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். துணி காயப்போட இடமில்லை. கார்மென்ட்ஸில் வேலை கிடைக்கும், நின்றுகொண்டே செய்யும் வேலை. இங்கே வீட்டுக்குப் பின்னால் அவள் போட்ட போஞ்சிக் கொடிக்கு அங்கே ஒரு சாண் மண் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், தோட்டத்தில் இருந்து பேரை வெட்டிக்கொண்டால் காம்பராவையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அவ்வளவுதான். மூன்று குடும்பம் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கொழும்பு சரிவராவிட்டால் திரும்பி வர வாசல் இருக்காது.

ஒரு நாள் மகளிடம் சொன்னாள்: "அங்க செவரு கூரை வரைக்கும் இருக்கும்டி. நம்ம பேசுனா யாருக்கும் கேக்காது."

அதை அவள் நல்ல பக்கத்தில் சேர்த்தது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு முழுதும் நான் சட்டி பானையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

கடைசியில் போவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை சதீஸ்குமார் வந்தான். திங்கட்கிழமை காலையில் பெரட்டு, அதாவது எல்லோரும் வேலைக்கு முன் கூடிப் பேர் கொடுக்கும் இடம். அங்கே கணக்கப்பிள்ளையிடம் கடிதம் கொடுத்துப் பேரை வெட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. அவன் வருவதற்கு முதல் நாள் யசோதினி சட்டியிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"எனக்கென்னா கொழும்பு வேண்டிக் கெடக்கு? அந்த மனுசன் பதினாலு வருசமா ஏழு பேரோட ஒரே ரூம்ல படுத்துக் கெடக்காரு. வாயத் தொறந்து கூப்புட்டும் போகலன்னா நான் என்னா பொண்டாட்டி? போறேன். சாகவா போறேன், போறேன்."

பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். நான் இருமவில்லை. அப்போது இருமியிருந்தால் நான் மனுசியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போனார்கள். நமுனுகுல மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. சதீஸ்குமார் அந்த நேரம் பார்த்து, கடையில் தன்னோடு வேலை செய்யும் முஸ்தாக்குக்குப் போன் எடுத்திருக்கிறான். மழைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்திப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று, குழாயை மூடியது மாதிரி, மழை விட்டுவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை. அதே கத்தலில் தொடர்ந்தான்.

"எனக்கு இவங்கள அங்க கூட்டிட்டு வர மனசே இல்ல மச்சான். எனக்கே அந்த ஊரு போதும். பதுளையில லத்தீப் முதலாளி ரெண்டு தடவ கூப்புட்டாரு, வா தம்பி, எங்கட கடையப் பாத்துக்கன்னு. சம்பளம் கொறவுதான். ஆனா அந்தியானா வீட்டுக்கு வந்துறலாம். இவகிட்ட எப்பிடிச் சொல்றது? இவளுக்குக் கொழும்பு ஆசை. மூணு மாசமா அதே பேச்சு. இப்ப போயி பதுளைன்னு சொன்னா, கூட்டிட்டுப் போக வக்கில்லன்னு நெனப்பா."

நான் இருமினேன். இரண்டு தடவை இருமினேன். அவன் பேசிக்கொண்டே வாசலுக்கு இறங்கிப் போய்விட்டான்.

அவள் அவனுக்காகப் போகிறாள். அவன் அவளுக்காகக் கூட்டிக்கொண்டு போகிறான். இரண்டு பேருக்கும் விருப்பமில்லாத ஊருக்கு, இருந்த காம்பராவையும் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் மூட்டை கட்டுகிறார்கள். இது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். போய்ச் சொல்லலாம். சொன்னால், இத்தனை வருடம் ஒட்டுக்கேட்டாள் என்று ஆகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவள் போகக் கூடாது என்று எனக்கே ஆசை. டிலுக்சி இல்லாத அந்தப் பக்கத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படி இருக்கும்போது, நான் சொல்வது அவர்கள் நன்மைக்கா, என் நன்மைக்கா? எனக்கே விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கந்தப்பனிடம் கேட்டேன்: "அந்தப் பக்கம் கேட்டதச் சொல்லிப்புடவா?"

"என்னா கேட்டுச்சு?" என்றார். அவருக்கு வலது காது மந்தம், கட்டில் போட்டிருப்பது சுவருக்கு வலது காதைக் காட்டி. இந்த லயத்தில் நிம்மதியான மனுசன் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை விடிந்தது. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் காகிதம் மடிக்கும் சத்தம்.

"கடிதத்த எடுத்துக்கிட்டியா?" என்றான் சதீஸ்குமார்.

"எடுத்துக்கிட்டேன். ஒங்களுக்குச் சந்தோசந்தானே?"

"ஒனக்குச் சந்தோசம்னா எனக்குச் சந்தோசம்."

"எனக்கென்னா. சந்தோசந்தான்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. யோசித்து, நல்லது கெட்டது பார்த்து எல்லாம் நான் பேசவில்லை. கேத்தலை டக்கென்று வைத்துவிட்டு சுவரைப் பார்த்துச் சொன்னேன்:

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க."

அவர்களுக்கும் அப்பால் மூன்றாவது வீட்டில் யாரோ இருமினார்கள். லயமே கேட்கிறது என்று எனக்கு எச்சரிக்கை. கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"யசோ, ஒம் புருசனுக்குக் கொழும்பு வேணாம். பதுளையில லத்தீப் முதலாளி ரெண்டு தடவ கடை வேலைக்குக் கூப்புட்டிருக்காரு. ஒனக்கு ஆசைன்னு நெனச்சு ஒங்கிட்டச் சொல்லல. தம்பி, இவளுக்கும் கொழும்பு வேணாம். நீங்க குடும்பம் இல்லாமக் கெடக்கீங்கன்னுதான் வர்றா. நான் சொல்லிட்டேன். இனிமே எங்கிட்டப் பேசாட்டியும் பரவாயில்ல."

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு வருடம் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடியும் அதே மாதிரி ஒரு முகம், பீலியில், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

சுவருக்கு மேல் சதீஸ்குமாரின் குரல் வந்தது. "பாக்கியக்கா, நீங்க எப்ப கேட்டீங்க?"

"நேத்து மழ விட்டதுக்கு அப்புறம்."

"மழ விட்டுருச்சா?" என்றான் அப்பாவியாக.

அவ்வளவுதான். யசோதினி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. "பதுளையா? பதுளையா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ கூப்புட்டாராமே, அதைச் சொல்ல ஒங்களுக்கு மூணு மாசம் பத்தலையா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை, சத்தியம். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. ஆறிய தேத்தண்ணியை நான் அத்தனை ருசித்துக் குடித்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் பெரட்டுக்குப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அக்கா, இன்னைக்கு என்னா கறி?" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "போஞ்சி," என்றேன். வீட்டில் போஞ்சி இல்லை. சாயந்திரம் அவளே தன் கொடியில் இருந்து பறித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்ததாகச் சொன்னாள்.

சதீஸ்குமார் இப்போது பதுளைக் கடையில் இருக்கிறான். காலையில் பசறை பஸ்ஸில் போய், இருட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறான். கையில் வருவது குறைவு என்று யசோதினி முனகத்தான் செய்கிறாள். ஆனால் இப்போது புருசனிடமே முனகுகிறாள். சட்டிக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அடைமழைக்கு மேட்டைப் பார்ப்பதும் அட்டைக் கடியும் அப்படியேதான் இருக்கின்றன. அதையெல்லாம் இப்போது மூன்று பேராகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் இருந்து ஹார்ட்போர்ட் பலகை வாங்கிக்கொண்டு வந்தான். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் அடைக்கப் போகிறானாம். அவனையும் குறை சொல்ல முடியாது. முன் அறைப் பக்கம் இருந்து ஒவ்வொரு பலகையாக அடித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு ஆணிக்கும் அந்தப் பக்கத்துச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எனக்குக் காது அடைத்துக்கொண்டு வருவது மாதிரி இருந்தது. கந்தப்பனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று முதல் தடவையாக அவரை நினைத்துப் பாவப்பட்டேன். குசினி அடுப்புக்கு மேலே கடைசிப் பலகைக்கு இடம் பாக்கி இருந்தது. அவன் ஏணியைத் தள்ளிப் போடும் சத்தம் கேட்டது.

அப்போது யசோதினியின் குரல்.

"அங்க அடிக்க வேணாங்க. அக்கா வெறகு மொறிக்கிற சத்தம் கேட்டாத்தான் நான் காலையில எந்திரிப்பேன். அதோட, நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் மறுபடி இப்பிடிப் பொய் சொன்னா யாரு கேக்குறது?"

இந்தப் பக்கம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதில் சொல்ல வாய் துடித்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தான். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.