ஜெயசீலியின் கட்டைவிரல்

போன வருஷம் தசராவுக்கு முந்தின வாரம் என் மனைவி ஜெயசீலிக்குப் பக்கவாதம் வந்தது. டியூட்டிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே விட்டாள். எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. ஆட்டோவில் என் மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் தசராவுக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபம் பண்ணக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. "இயேசப்பா, இயேசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

பிரியமானவர்களே, சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் கடைசி பெஞ்சுக்கு நழுவுகிற ஆள் நான். பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு மேடைப் பேச்சு எங்கே வரும்? அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டவர் அவள் உயிரைக் காத்தார். கால் மெல்லத் திரும்பியது. பேச்சு பாதி திரும்பியது, வார்த்தையைத் தேடித்தேடித்தான் பேசுவாள். வலது கை மட்டும் வரவேயில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, கட்டைவிரல் அவற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, எந்நேரமும் இறுகிய முஷ்டியாகவே இருந்தது. அவள் ஸ்டாஃப் நர்ஸ். சின்னக் குழந்தைகளுக்கு ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட கை அது.

அவள் அதை 'என் கை' என்று சொல்வதை விட்டுவிட்டாள். "அதை மூடுங்க" என்பாள். நான் முந்தானையை எடுத்து மூடுவேன். ஒருநாள் நகம் வெட்ட விரல்களைப் பிரித்தபோது, "கையையே... வெட்டிடுங்க" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. முழங்கால்படியிட்டு, வலது உள்ளங்கையை இடது கையின்மேல் ஏந்தித்தான் அப்பம் வாங்குவோம். ஜெயசீலி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆயர் ஐயா வீட்டுக்கே வந்து சொன்னார்: "இடது கையில வாங்கிக்கோங்கம்மா. இல்லாட்டி வாயிலயே குடுக்கறேன். ஆண்டவர் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டார்."

"எல்லாரும்... பாப்பாங்க. வரமாட்டேன்" என்றாள்.

பிறகு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். நான் தனியாகப் போய், தனியாக முழங்காலில் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, அந்தக் கையைத் திறந்தருளும், அவளை உம்முடைய பந்திக்குத் திரும்பக் கூட்டிவாரும். ஆயர் ஐயா ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தினமும் காலையில் அந்தக் கையில் தேய்த்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு, மூளை நரம்பு டாக்டர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். மண்டையைத் திறக்காமல், ஊசியும் போடாமல், தலைக்கு வெளியே ஒரு காந்த வளையத்தை வைத்து மூளையைத் தட்டிப் பார்ப்பார்களாம். பக்கவாதம் வந்தவர்களின் கைக்கு மூளை அனுப்புகிற உத்தரவு போய்ச் சேருகிறதா என்று தெரியுமாம். அதை நடத்திய இளம் டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். "இது வைத்தியம் இல்ல சார், ஆராய்ச்சி மட்டும்தான்" என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார். அது என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஆண்டவர் வழி திறந்துவிட்டார் என்றே நம்பினேன்.

அந்த நாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் தேய்த்துக் கூட்டிப்போனேன். அதனால் வந்தது வினை. கை அசைவைப் பதிவுசெய்யக் கட்டைவிரலின் அடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எண்ணெயில் அது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். அது ஜெபித்த எண்ணெய் மேடம் என்று சொல்ல வந்தேன்.

அப்போது ஜெயசீலி வாயைத் திறந்தாள். "இன்னும்... அழுத்தித் துடைங்க. டேப்பை... குறுக்க போடுங்க."

"நர்ஸாம்மா நீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

ஜெயசீலி தலையசைத்தாள். ஸ்பிரிட் வாசனையில் அவள் கண் நிறைந்து வழிந்தது. விழுந்த நாளிலிருந்து தன் வேலையைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

வளையத்தை அவள் தலையின் இடது பக்கத்தில் வைத்தார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். கை சும்மா கிடந்தது. கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடியும் தட்டினார்கள். ஒன்றுமில்லை. திரையில் கோடு படுத்தே கிடந்தது. நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். சக்தியைக் கூட்டினார்கள் போலிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது கட்டைவிரல் வெடுக்கென்று துடித்ததைப் பார்த்தேன்.

நான் எழுந்து நின்று, கையை உயர்த்தி, அறையே அதிர அல்லேலூயா என்றேன். வெளியே இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சார், ஸ்வல்ப... கொஞ்சம் உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "அது அம்மா அசைச்சது இல்ல. மெஷின் தட்டினதுல அசைஞ்சது."

உட்கார்ந்தேன். நெஞ்சு உடைந்துவிட்டது. "அப்ப இதுக்கு அர்த்தமே இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"மூளைலேர்ந்து கைக்கு வர்ற வழி முழுசா அடைபடலன்னு தெரியுது. ஆனா கை திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது சார். சும்மா ஆசை காட்டக் கூடாது."

திரும்பும்போது ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, ஏன் காட்டிவிட்டுப் பறித்துக்கொண்டீர் என்று கேட்டேன். ஜெயசீலி முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துத் தானே மடியில் வைத்துக்கொண்டாள். "என் கை... சாகலங்க" என்றாள். நான் இருந்த இருப்பில் அதைச் சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காபி ஆற்றும்போதுதான், அவள் 'என் கை' என்று சொன்னது உறைத்தது.

அதன்பிறகு பிசியோதெரபி சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தாள். மேசைமேல் கையை வைத்து, கட்டைவிரலைப் பார்த்து "வா, வா" என்பாள். பெரும்பாலும் வராது. பிடித்துப் பழகக் கொடுத்த பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு அழுவாள். வேலையை ராஜினாமா செய்தாள். இஸ்திரி போட்டு வைத்திருந்த யூனிஃபார்ம்களைத் தெருக்கோடி நர்ஸ் பெண்ணுக்குக் கொடுத்தபோது என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவள் முகத்தை நானும் பார்க்கவில்லை.

இந்த ஜூன் மாத முதல் ஞாயிறு, நல்ல மழை. "நானும் வர்றேன்" என்றாள்.

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முழங்காலில் நிற்க வைத்தேன். முஷ்டியை இடது கையின்மேல் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விட்டால் மூடிக்கொள்ளும், அதனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையின் குறுக்கே கட்டைவிரல் மட்டும் கிடந்தது. ஆயர் ஐயா அப்பத்தோடு நின்றார். பின்னால் வரிசை நின்றது. நான் கட்டைவிரலை விலக்கப் போனேன்.

"விடுங்க" என்றாள் ஜெயசீலி.

விட்டேன். எல்லாரும் காத்திருந்தோம். அவள் நெற்றியில் வேர்த்தது. கட்டைவிரல் ஒரு அரிசி அளவு நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. அப்பம் வைக்க இடம் கிடைத்தது. அன்று அவள் தலையில் எந்த மெஷினும் இல்லை. ஆயர் ஐயா அந்த இடத்தில் அப்பத்தை வைத்தார்.

கை இன்னும் முஷ்டிதான். இனி அவள் எந்தக் குழந்தைக்கும் ஊசி போடப்போவதில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அடுத்த மாதம் கட்டைவிரல் அசையவேயில்லை, நான்தான் விலக்கினேன். ஆனாலும் பந்திக்கு வந்தாள். நான் கேட்டதில் ஒன்றைக் கொஞ்சமாகவும், ஒன்றை முழுதாகவும் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் வெட்கப்பட்டு உள்ளேயே இருந்துவிட்டவர்கள் இருக்கலாம். சுகமாகட்டும், அப்புறம் கூட்டிப்போகலாம் என்று வைத்திருக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே கூட்டி வாருங்கள். நேரம் ஆகும்தான். வரிசை காத்திருக்கும்.