கூழுக்கு வரச் சொல்லி ஒரு வரி

பிள்ளைகளே, போன வாரம் பெரியவளுக்கு ஓர் அறக்கட்டளையின் படிப்பு உதவித்தொகை கிடைத்ததும், அவர்களுடைய இணையப் படிவத்தில் நன்றிக் கடிதம் எழுதி அனுப்ப இருவரும் போனும் கையுமாக உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் நின்று, ஆடி மாசம் நம் வீட்டுக்குக் கூழ் குடிக்க வரச் சொல்லி ஒரு வரி போடும்மா என்றேன். சிரித்தீர்கள். "அந்தக் கட்டத்துல அதுக்கெல்லாம் இடமே இல்லப்பா" என்றான் சின்னவன். நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. அது உங்கள் அத்தையைப் பற்றியது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அக்காதான் எல்லாம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் இட்லி விற்றாள். சிற்பப் பட்டறை ஆட்கள் தலைமுடியெல்லாம் கல்தூசியோடு வந்து நிற்பார்கள். நான் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. சேர்ந்தபோது சென்னையிலிருந்த யாரோ ஒரு பெரியவர் என் பீஸைக் கட்டினார். முகம்கூடத் தெரியாது. நன்றிக் கடிதம் எழுதி, வீட்டுப் பெரியவர் கையெழுத்தோடு கொண்டுவந்தால்தான் அடுத்த வருஷப் பணத்துக்கு எழுதுவேன் என்றார் ஆபீஸ் கிளார்க். அந்தப் பணம் நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். எங்கள் வறுமையை விரிவாகச் சொல்லி, அவருடைய கருணையைப் புகழ்ந்து, தங்கள் பாதம் பணிந்து என்று முடியும் கடிதம். மாவு ஆட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர எப்ப வரச் சொல்லி எய்தின?" என்றாள். அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள் என்றேன். ஆடி மூன்றாம் ஞாயிறு நம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், குடும்பத்தோடு வரணும் என்று சேர்க்கச் சொன்னாள். சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

கிளார்க் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "இன்னா தம்பி, நன்றிக் கடுதாசியா, கல்யாணப் பத்திரிகையா?" பெரிய மனிதர்களிடம் இப்படி உறவு கொண்டாடினால் எரிச்சலாகி உதவியையே நிறுத்திவிடுவார்கள் என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதி வரச் சொன்னார். எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். படிப்பு போய்விடும் என்று அழுதேன்.

"வாங்கிகினு கும்புடு மட்டும் போட்டா அது பிச்சடா. எங்க வூட்டாண்ட வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்டாத்தான் நாமளும் மனுசங்க. படிப்பு போனா போவட்டும், வண்டி தள்ள இன்னொரு கை ஆச்சு."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டுக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் படிக்கவைக்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் பயம்தான்.

அக்கா கையெழுத்துப் போட்ட பழைய கடிதத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் தலையெழுத்து என்று சொல்லி கிளார்க் அதை அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கி, கழுவித் துடைத்து, வேப்பமர நிழலில் போட்டாள். யாரையும் அதில் உட்கார விடவில்லை. "யாருக்கு அக்கா, கலெக்டருக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். "கலெக்டருக்கு வோணும்னா அவரு தனியா சொல்லியனுப்பட்டும்" என்றாள் அக்கா. தெருவெல்லாம் கருவாட்டுக் குழம்பு வாசனை. நான் பஸ் ஸ்டாண்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். செங்கல்பட்டுப் பஸ், சென்னைப் பஸ் எல்லாம் வந்தன. எங்களைத் தேடி யாரும் இறங்கவில்லை. படிப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அவருக்கென்று எடுத்துவைத்த கூழை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். "வரலன்னா இன்னாடா? நாம கூப்டாச்சு. இனிமே அவருதான் நமக்கு ஒரு சாப்பாடு பாக்கி."

அடுத்த மாதம் பணம் வந்தது. அதோடு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் கடிதத்தைப் படித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆபீஸில் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நான், பணம் வாங்கப் போன அன்று கையைத் தொங்கவிட்டு நின்றேன். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். இன்று சிறுசேரியில் பெரிய பெரிய ஆபீசர்கள் அறையில் ஏ.சி. பழுது பார்க்கப் போகும்போதும் அப்படித்தான் நிற்கிறேன்.

உங்கள் கடிதத்தில் குறை ஒன்றுமில்லை. அழகாக எழுதியிருந்தீர்கள். நேற்று நீங்கள் காலேஜுக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, அந்த அறக்கட்டளை முகவரிக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். கூழ் ஊற்றும் நாளும் நம் வீட்டுக் கதவு எண்ணும் மட்டும்தான் அதில். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் மளிகைக் கடையில் கேழ்வரகு மாவு வாங்கினேன். வழக்கமாக வாங்குவதைவிட ஒரு கிலோ சேர்த்துப் போடச் சொன்னேன்.