காப்புக் கட்டிய மறுநாள்

டாக்டர் கண்ணுசாமி 1955-ல் திண்டுக்கல்லில் சர்க்கார் ஆஸ்பத்திரி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் நடத்த வந்தபோது, ஊரில் பாதிப் பேர் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் நல்லவர்கள், முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

சாணார்பட்டி ரோட்டில் சும்மா கிடந்த தன் கொட்டகையைத் தோல் வியாபாரி பக்ருதீன் ராவுத்தர் கொடுத்தார். அதுதான் பள்ளிக்கூடம். காலை ஒன்பதுக்கு மணி அடித்ததும், கால் மணி நேரம் பிள்ளைகள் கண்ணை மூடி அவரவர் சாமியை நினைத்து உட்கார வேண்டும். மாரியாத்தாளா அல்லாவா என்று கேட்க மாட்டார். பிறகு நகம், பல், தலை பார்ப்பார். "சாமி குடியிருக்கிற உடம்பை இப்படியா வச்சிருக்கிறது?" என்று திட்டுவார். அப்புறம்தான் பாடம். 1968-ல் சாகும்வரை இந்த வரிசையை அவர் மாற்றவில்லை. கடைசியில் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். நான் பழனியம்மாள், அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1961 மாசி. பக்கத்து ஊரில் பெரியம்மை. புதன்கிழமை காலை டாக்டர் மருந்தும் ஊசியுமாக வந்து முப்பத்தாறு பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி குத்திவிட்டார். முந்தைய நாள் மாலைதான் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு, திருவிழா முடியும்வரை, உடம்பில் ஊசி படக்கூடாது; வீட்டில் தாளிக்கக்கூடக் கூடாது. தினமும் சாயங்காலம் டவுனுக்குத் திரும்பிவிடுகிறவருக்கு முந்தைய நாள் காப்புக் கட்டியது தெரியவில்லை. எனக்குத் தெரியும். சொன்னால் தள்ளிப்போடுவார், அதற்குள் நோய் வந்துவிடும் என்று பயந்தேன். ஆத்தா கோபம் என் பிள்ளைமேல் விழக்கூடாதே என்றும் பயந்தேன். அதனால் என் வகுப்பிலேயே படித்த என் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அவளை வீட்டில் விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொடுத்தேன். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. மறுநாள் பள்ளிக்கூடம் காலி. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒரு பிள்ளைகூட இல்லையென்றால் அங்கீகாரம் கிடையாது, இழுத்து மூட வேண்டியதுதான். நாட்டாமை சடையாண்டி நேரில் வந்தார்.

"கோயில்ல வந்து, ஊசி போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க டாக்டர். நாளைக்கே அம்புட்டுப் பிள்ளைகளும் வந்துரும்."

"உங்களைக் கேக்காமப் போட்டது தப்பு. அதுக்குத் தீச்சட்டி எடுக்கச் சொன்னாலும் எடுக்குறேன். ஊசி தப்பில்ல. ஆத்தா முன்னால நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பள்ளிக்கூடம் போயிருமே!"

"போகட்டும். பிள்ளைக இருக்கும்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அப்படி அவரைத் திட்டிக்கொண்டே நாலு ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வேடிக்கை பார்க்க ஊரும் வந்து வாசலில் நின்றது. ஒன்பதுக்கு மணி அடித்துவிட்டு, வெறும் பாய்களுக்கு முன்னால் டாக்டர் கண்ணை மூடி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய், மகளை இடுப்பில் தூக்கிவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இவளுக்குக் குத்துங்க டாக்டர்."

அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசியைக் கொதிக்கவைத்தார். அது ஆறக் காத்திருந்தார். அப்புறம் கேட்டார்.

"ஊருல காப்புக் கட்டியிருக்கு டீச்சர். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அன்னைக்கும் எனக்குத் தெரியும்."

வாசலில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. டாக்டர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கையை ஆட்ட விடாதீங்க" என்று மட்டும் சொல்லிக் குத்தினார். மகள் வீறிட்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பிரித்து, வருகை ஒன்று என்று எழுதினார்.