வெல்டிங் கண்ணாடியில் பார்த்த கிரகணம்

போன வாரம் அரக்கோணம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது இரும்பு கருகும் வாசனை அடித்தது. விண்வெளியில் நடந்துவிட்டுத் திரும்புகிறவர்களின் உடுப்பிலும் இந்த வாசனைதான் வருமாம், போய் வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இருபது வயதில் நான் தினமும் விண்வெளிக்குப் போய்விட்டுத்தான் திருத்தணிக்குத் திரும்பியிருக்கிறேன். அம்மா மட்டும் என் சட்டையைத் தனியாக ஊறப்போடுவாள்.

வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த நாட்கள் அவை. டீக்கடைப் பேப்பரில் விண்வெளித் துணுக்குகளைப் படித்துவிட்டு வந்து வீட்டில் அளப்பேன். காது கொடுத்த ஒரே ஆள் அண்ணிதான். பொதட்டூர்பேட்டைத் தறிவீட்டுப் பெண். சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கி வானத்துல இன்னா விசேஷம்ப்பா?" என்பார். வெள்ளிக் கிரகம் தன்னை ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் அங்கே ஒரு வருஷமே ஓடிவிடும் என்றேன். "அப்ப அங்க தறி ஓட்டறவன் ஒரு நாள் கூலி வாங்கறதுக்குள்ள வருஷம் பூடுமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் கிரகணத்தன்று அவரைக் கூப்பிட்டேன். அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். வாசல் கதவு சாத்தியிருந்தது. கிரகணம் பிடித்தால் உலக்கை தானாக நிற்கும் என்று, அம்மா அதைத் தாம்பாளத்துத் தண்ணீரில் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். நான் பட்டறை வெல்டிங் கண்ணாடியோடு மாடிப்படியில் நின்று, "அண்ணி, ஒரே நிமிஷம்" என்றேன். வந்தார். பார்த்தார். "கடிச்ச தோச மாதிரி கீதுப்பா!"

குழந்தை மேலுதடு பிளந்து பிறந்தது. கிரகணம் கடித்துவிட்டது என்றாள் அம்மா. உதடு இரண்டாம் மாதத்திலேயே உருவாகிவிடும், ஆறாம் மாதத்துக் கிரகணம் அதை என்ன செய்யும் என்றார் டாக்டர். யார் கேட்டார்கள்? நான்தான் கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"நீ ஆம்பளப் புள்ள, உனுக்கு இன்னா தெரியும்? வயித்துல புள்ளயோட கீறவ, அவளுக்கு எங்க போச்சி புத்தி?"

என் பழியும் அண்ணி தலையில்தான் விழுந்தது. கிரகணத்தின்மேல் தப்பில்லை என்று அன்றே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அந்தக் குழந்தை இப்போது பிளஸ் டூ படிக்கிற பெண். உதட்டுத் தழும்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். போன வாரம் அந்தப் பட்டறை வாசனை மூக்கில் இருக்க, அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். நிலா நம் நகம் வளரும் வேகத்தில் பூமியை விட்டு விலகிக்கொண்டே இருக்கிறது, ஒரு காலத்தில் முழு சூரிய கிரகணமே இருக்காது என்று அவளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

"அதுக்குள்ள எனக்கு ஒண்ணு காட்டிடு சித்தப்பா. அந்தக் கண்ணாடி கீதா?"

அண்ணியைப் பார்த்தேன்.

"ஆங், ரெண்டு பேரும் பாருங்க" என்றார். கோபமே இல்லை. எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், இன்னும் கொஞ்சம் என்று அப்பளமும் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். வானத்தில் என்ன விசேஷம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.