குண்டன் கடைசியில் வந்த ஞாயிறு

உத்திரமேரூரில் ட்ரம்ப் கார்டை வியூகம் வகுத்து ஆடிய முதல் ஆள் நான்தான். இதை நானே சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டியிருக்கிறது என்பதிலிருந்து, ஆட்ட முடிவுகள் எனக்கு எந்த அளவு சாதகமாக இருந்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. கேபிள் கனெக்‌ஷன் ஊருக்குள் வந்து, அதன் வழியே ஜட்டி போட்ட வெளிநாட்டு மல்லர்கள் வீடு வீடாகப் புகுந்திருந்த காலம். அவர்கள் படம் அச்சடித்த கார்டுக்கட்டு, பஜாரில் பாய் நடத்திய ஃபேன்சி ஸ்டோரில், ரிப்பனுக்கும் வளையலுக்கும் நடுவில் தொங்கியது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்லன் முறைப்பான். அவனுக்குக் கீழே அவன் ஜாதகம்: ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஜெயித்த சண்டைகள். அவர்களுடைய இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துவிட்டோம். குண்டன், நெட்டையன், மீசைக்காரன், மாடு. ரேங்கில் முதலிடம் பிடித்த அழகனுக்கு மாப்பிள்ளை. சொந்த ஊரில் அவன் எப்படியோ, உத்திரமேரூரில் அவன் மாப்பிள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமை நெல் மண்டிக்கு லீவு. வாரமெல்லாம் மூட்டை இறக்கும் சிமெண்ட் களம் அன்று எங்களுக்கு. விதிகள் எளியவை. ஆளுக்குப் பத்து கார்டு. எந்தப் பத்து, எந்த வரிசை என்பது அவரவர் இஷ்டம். அடுக்கியதைக் கலைக்கக்கூடாது. இருவரும் மேல் கார்டை எடுத்து, முதுகு எதிராளிக்குத் தெரியும்படி பிடிப்போம். முறை யாருடையதோ அவன் “வெயிட்டு” என்றோ “ஹைட்டு” என்றோ ஒன்றைக் கூப்பிடுவான். பிறகு இரண்டு கார்டையும் திருப்புவோம். பெரிய எண் வைத்திருப்பவன் ஜெயித்தான். அடுத்து கூப்பிடும் முறையும் அவனுடையது. ரேங்கில் மட்டும் சின்ன எண்தான் பெரிசு. பத்து சுற்றில் அதிகம் ஜெயித்தவன் வெற்றி. ஐந்துக்கு ஐந்து என்று வந்தால் கடைசிச் சுற்றை ஜெயித்தவன் வெற்றி.

முடிவுகளை மண்டியின் கரும்பலகையில் எழுதுவோம். தினம் நெல் விலை எழுதுகிற அதே பலகை. எழுதுபவனும் அம்பயரும் ஒருவனே. காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வருகிற என் வகுப்புத் தோழன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது ஒரு காரணம். சிரிப்பை அடக்கத் தெரியாதவன், அதனால் பொய் சொல்லவும் வராது என்பது இன்னொன்று. ஒரு வாரம் அழிக்க மறந்துவிட்டோம். திங்கட்கிழமை மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் பலகையை ரொம்ப நேரம் படித்துவிட்டு, “இது இன்னா ரகம் நைனா, மீசக்காரன்னு போட்டுக்கீது? மூட்டை இன்னா வெல போச்சி?” என்று கேட்டாராம்.

எங்கள் சாம்பியன் பாய் கடையின் பையன். பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. கடையே அவனுடையது, நல்ல கார்டெல்லாம் பொறுக்கிக்கொள்வான் என்று தோற்றவர்கள் சொல்வார்கள். நான்தான் அதை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

கட்டில் எந்தக் கார்டை வைப்பது என்பதில் பருவத்துக்குப் பருவம் ஒரு மோஸ்தர் உண்டு. முதலில் எடைக் காலம். எல்லாரும் குண்டர்களாகச் சேர்த்தார்கள். அடுத்தது ரேங்க் காலம். மாப்பிள்ளை இல்லாத கட்டு கட்டே இல்லை. பிறகு காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய யாரோ ஒருவன் பைசெப்ஸ் வியாதியைக் கொண்டுவந்தான். ஒரே மாதத்தில் ஊர் முழுக்க மாடு. இந்த மோஸ்தர் எதையும் நான் விட்டதில்லை. ஊரே அறுவடை முடித்துக் களத்துக்குப் போன பிறகு நாற்று விடுகிறவன் மாதிரி, சரியாக ஒரு பருவம் தள்ளிப் பிடிப்பேன், அவ்வளவுதான். எடைக் காலம் முடிந்த வாரம் குண்டனை வாங்கினேன். உயரத்தை யாருமே சீந்தாத நாளில் நெட்டையனை வாங்கினேன். அந்த இரண்டு பேரும் என் கட்டின் தூண்கள் என்று ஊருக்கே தெரியும். ஏனென்றால் நான் சொல்லியிருந்தேன்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். களத்தின் இன்னொரு முனையில், அடி பம்புக்குப் பக்கத்தில், ஆறாம் வகுப்புப் பொடிசுகள் தனியாக ஆடுவார்கள். பெரியவர்கள் கோஷ்டியில் தொடர்ந்து மூன்று ஞாயிறு தோற்றவன் பம்படிக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். அதுவரை யாரும் போனதில்லை. நான் இரண்டு ஞாயிறு தோற்றிருந்தேன். மூன்றாவது ஞாயிறு எனக்கு விழுந்த ஜோடி சாம்பியன். பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் விட்டால் போதும், மூக்கு ஒழுகும் ஒருவன் வந்து நிற்பான். “அண்ணா, உங்களுக்கு எடம் புடிச்சி வச்சிக்கிறோம். வெயிலு படாம நெகல்லயே வச்சிக்கிறோம்.” மீசை அரும்பிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இது எப்பேர்ப்பட்ட பேஜார் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

தோல்விக்குக் காரணத்தை ஆராய்ந்தேன். என் அறிவில் குறை இருக்க வாய்ப்பில்லை என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சாம்பியன் கைக்கு முறை போனால் திரும்புவதே இல்லை. என்னிடம் எடை இருந்தால் உயரம் கூப்பிடுகிறான், உயரம் இருந்தால் எடை. என் கார்டு அவனுக்கு எப்படித் தெரிகிறது? ஒருநாள் எங்கள் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கடை என்றால் பஸ் ஸ்டாண்டு ஓரத்து நாஷ்டா கடை. அப்பா பஜ்ஜி போடுவார், நான் பொட்டலம் மடித்துக்கொண்டே கார்டை அடுக்குவேன். ஒரு கார்டு கவிழ்ந்து விழுந்தது. முதுகைப் பார்த்ததும் ‘மாடு’ என்று எனக்கே தெரிந்துவிட்டது. இடது மூலையில் வட்டமாக எண்ணெய்க் கறை. மற்றதையும் கவிழ்த்தேன். மீசைக்காரன் முதுகில் கட்டைவிரல், குண்டன் முதுகில் முழு மிளகாய் பஜ்ஜி. என் கட்டு பின்பக்கமும் அச்சடித்த கட்டாக இருந்தது. பெரிய துப்பறிவாளர்கள் இந்தத் தருணத்தில் எப்படிப் பெருமூச்சு விடுவார்களோ, அப்படி விட்டேன்.

கறையை எடுக்க முதலில் சோப்புத்தூள் கலந்த வெந்நீர். சோதனைக்கு நெட்டையனை இறக்கினேன். அவன் ஊறி, உப்பி, பிறகு இரண்டு ஏடாகப் பிரிந்து போனான். அவன் இறந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவன் இடத்தில் எதற்கும் உதவாத ஒருவனைச் சொருகினேன். மற்றவர்களுக்கு முகப்பவுடர் வைத்தியம். பவுடரைத் தூவி, பழைய பேப்பரில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன். எண்ணெய் போய்விட்டது. கார்டெல்லாம் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி மணந்தன.

ஞாயிறு வந்தது. களத்தில் நல்ல கூட்டம். பம்படிப் பொடிசுகள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, என்னை அழைத்துப்போக வந்து நின்றார்கள். சாம்பியன் என் கட்டை முகர்ந்தான்.

“இன்னாடா, சென்ட்டு அட்ச்சிக்கினு வந்துக்கிற?”

“தோக்கப்போறவன் கொஞ்சம் வாசனையா தோக்கட்டுமேன்னுதான்” என்றேன். யார் தோற்கப்போகிறார்கள் என்பதை நான் தெளிவாகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பூவா தலையா போட்டதில் முதல் முறை அவனுக்கு. அவனுடைய குண்டனை முதலிலேயே இறக்கி, எடை கூப்பிட்டு எடுத்தான். இரண்டாவது போனது. மூன்றாவதும், நான்காவதும் போயின. என் கார்டின் முதுகில் துளி கறை இல்லை. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அம்பயர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் குந்திக்கொண்டான்.

“இன்னாத்துக்குடா சிரிக்கிற?” என்றேன்.

“இல்லடா, முடியலடா. நீ ஆட்றப்ப உன் மூஞ்சிய நீ பாத்துக்கிறியா?” அவன் எழுந்து நின்று செய்து காட்டினான். “குண்டாக் கீறவன் வந்தா இப்டி.” இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டான். “பைசப்ஸ் வந்தா இப்டி.” தோளைத் தூக்கிக் கையை விறைத்தான். “அந்த நெட்டையன் வந்தான்னு வையி, ஏரில கொக்கு நிக்குமே, அப்டி.” கழுத்தை நீட்டினான். கூட்டம் வெடித்தது. ஒரு பொடிசு சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக்கொண்டான்.

சாம்பியன் கையில் இருந்த கட்டால் அம்பயரின் முட்டியில் ஓங்கி அடித்தான். “வாய மூட்றா டேய். ரெண்டு வருசமா நான் யார்கிட்டயாவது சொன்னேனா?”

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக நான் என் கட்டை வாயைத் திறக்காமலே படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு கார்டுக்குள் இவ்வளவு ஒன்றிப்போவது கலை மனம் உள்ளவனால்தான் முடியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பாவம் நெட்டையன், அநியாயமாகப் போய்ச் சேர்ந்தான்.

நாலுக்குச் சைபர். இன்னும் இரண்டு சுற்று போனால் பம்படி. ஐந்தாவது கார்டை எடுத்தேன். பார்க்கவில்லை. அப்படியே சிமெண்டில் கவிழ்த்து, மேலே உள்ளங்கையை வைத்தேன்.

“எடுத்துப் பாருடா” என்றான் சாம்பியன்.

“எதுக்கு? கூப்புடப் போறது நீதான? நான் பாத்து இன்னா ஆவப்போவுது?”

“கார்டப் பாக்காம ஆட்றது இன்னாடா ஆட்டம்? அம்பயர், கேளு இத்த.”

காவாந்தண்டலத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். “பாக்கணும்னு ரூல் இல்லபா. கூப்புடு.”

சாம்பியன் என் முகத்தில் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை. அடுக்கிய வரிசை எனக்கே மறந்து போயிருந்தது. எனக்கே தெரியாததை என் முகம் எப்படிச் சொல்லும்? அவன் முதல்முறையாகத் தன் கார்டைத் திரும்பப் பார்த்தான். “பைசப்ஸ்” என்றான். கையை எடுத்துத் திருப்பினேன். மாடு.

முறை என் கைக்கு வந்தது. நான் கூப்பிடும்போது என் முகத்தால் நஷ்டமில்லை. அவன் கார்டை மாற்ற முடியாது. பார்த்த கணத்தில் கூப்பிட்டேன். மாப்பிள்ளையை வைத்து ரேங்க். அடுத்தது ஜெயித்த சண்டைகள். அதற்கடுத்து உயரம். நாலுக்கு நாலு. பொடிசுகள் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள். ஒன்பதாவதாக வந்தவன் அந்த உதவாக்கரை. மார்பளவு கூப்பிட்டேன், சாம்பியனின் கார்டுக்கு மார்பு இன்னும் பெரிது. அவனுக்கு ஐந்து, எனக்கு நாலு. கடைசிச் சுற்று, முறையும் அவனுடையது. அதை நான் எடுத்தால் ஐந்துக்கு ஐந்து, வெற்றி எனக்கு. விட்டால் பம்படி.

சாம்பியன் தன் கடைசிக் கார்டைப் பார்த்துவிட்டு என் கட்டைப் பார்த்தான். அவன் மனக்கணக்கு எனக்குக் கேட்டது. என் தூண்கள் இரண்டும் இன்னும் வரவில்லை. பாக்கி ஒரே கார்டு, ஒருவனை இந்த வாரம் கட்டில் சேர்க்கவில்லை போல. அது குண்டனாக இருக்கும், இல்லை நெட்டையனாக இருக்கும். அவனிடம் என்ன மிச்சம் என்று எனக்கும் தெரியும். அவனுடைய மீசைக்காரன் இன்னும் இறங்கவில்லை. எடையிலும் உயரத்திலும் இரண்டாம் இடம் அந்த மீசைக்காரனுக்கு. என்னிடம் குண்டன் இருந்தால் அவன் உயரம் கூப்பிட வேண்டும். நெட்டையன் இருந்தால் எடை. எது என்பது ஒன்றுதான் அவனுக்குத் தேவை. நெட்டையன் ஒரு வாரத்துக்கு முன்பே வெந்நீரில் கரைந்த கதை அவனுக்குத் தெரியாது.

“கடைசி கார்டு. ஒரு தபா பாத்துக்கிறேன்” என்றேன்.

“பாரு, பாரு” என்றான், மிகவும் அன்பாக.

எடுத்தேன். குண்டன் என்னைப் பார்த்து முறைத்தான். கன்னம் தானாக உப்ப ஆரம்பித்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே இழுத்தேன். பிறகு, அடக்கப் பார்த்தும் முடியாதவன் போல, கழுத்தைக் கொஞ்சம் நீட்டினேன். கொஞ்சம்தான். நீட்டியது தெரிந்து சட்டென்று குறுக்கிக்கொண்டேன். அந்தக் குறுக்கல்தான் என் வாழ்நாள் சாதனை.

சாம்பியன் சிரித்தான். “பயக்கம் போவுமாடா?” என்றான். “வெயிட்டு.”

குண்டனைக் களத்தில் மெதுவாகத் திருப்பி வைத்தேன். அவசரப்படவில்லை. கூட்டம் எட்டிப் பார்த்தது. காவாந்தண்டலத்தான் இரண்டு கார்டையும் கையில் எடுத்து, எண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தான். சாம்பியன் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெட்டையன் எங்கடா?” என்றான்.

“வூட்ல கீறான். உடம்பு சரியில்ல.”

பலகையில் என் பெயர் சாம்பியன் பெயருக்கு மேலே ஏறியது. பொடிசுகள் பம்படிக்குத் திரும்பிப் போனார்கள். திங்கட்கிழமை மண்டி திறக்கும்வரை அழிக்கக்கூடாது என்று காவாந்தண்டலத்தானிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அன்று மாலை கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே அந்த வழியாகப் போன எல்லாரையும் மண்டிப் பக்கம் அனுப்பிவைத்தேன். “அங்க நெல்லு வெல மாறிடுச்சாமே, போய்ப் பாருங்க.”

அடுத்த வாரமே அது மோஸ்தராகிவிட்டது. இந்தத் தடவை நாற்று விட்டவன் நான். ஊர்தான் பின்னால் வந்தது. பாதிப் பேர் கார்டைப் பார்க்காமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஆடினார்கள். மீதிப் பேர் சும்மாவே கழுத்தை நீட்டினார்கள், கன்னத்தை உப்பினார்கள், தோளை விறைத்தார்கள். களம் கூத்துக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற இடம் மாதிரி இருந்தது. யார் முகத்தையும் யாரும் நம்பவில்லை. சாம்பியன் மட்டும் கார்டையும் பார்க்காமல், முகத்தையும் பார்க்காமல், வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டு, என்னை ஏழுக்கு மூன்று என்று அடித்தான்.

அது வெறும் அதிர்ஷ்டம். நான் ஜெயித்ததுதான் திறமை. எப்படியும் பழைய தோல்விக் கணக்கு அழிந்து, புதிதாக ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தது. பம்படிக்கும் எனக்கும் நடுவில் இன்னும் முழுசாக இரண்டு ஞாயிறு இருந்தது. என் மாதிரி ஆட்டக்காரனுக்கு அது தாராளம்.